குருவிநத்தம் போய் வந்த பெட்டிகள்

ஹபீப் முகமது பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கியதை வில்லியனூர் கடைத்தெரு பார்த்ததில்லை. கீரைக்கட்டில் ஒரு ரூபாயைக் குறைத்துவிட்டு, அந்த ரூபாய்க்குக் கீரைக்காரியின் பேத்திக்கு மிட்டாய் வாங்கித் தருகிற ரகம். அப்படிப்பட்டவர் அந்த வியாழக்கிழமை காலை அருள்மொழியின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். உங்கள் கூலி என்ன என்றுகூடக் கேட்கவில்லை. மனிதருக்கு இது ரொம்ப வேண்டிய சரக்கு என்று அருள்மொழிக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

அருள்மொழி இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது விபத்தில் உடைந்தது, எது முன்பே உடைந்திருந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் காலமெல்லாம் செய்த வேலை. ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் வண்டிகளுக்குப் பதிலாக வழக்குகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அவருடைய கொழுந்தனார் கலைவேந்தன் பழைய பைக் தரகர். வழக்கு வந்த வாசனை பட்டதும் தரகை மறந்துவிட்டு வந்து நிற்பார்.

ஹபீப்பும் அருள்மொழியும் கடைசியாகச் சந்தித்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, கிருமாம்பாக்கத்தில், கடலூர் சாலையோரம். ஹபீப்பின் ஒரே மகன் முகமது யாசினின் பைக்கை லாரி அடித்துப் போட்டிருந்தது; மகன் பிழைக்கவில்லை. அந்த பைக்கைப் பார்வையிட்டது அருள்மொழிதான்.

"ஸ்பேர் பார்ட்ஸ் குடோனுக்குப் புதுசா சாப்ட்வேர் போட்டிருக்கோம்மா" என்றார் ஹபீப். "கம்பெனிக்காரன் போட்டாத்தான் ஏஜென்சின்னுட்டான். இந்தத் தம்பிதான் போட்டுக் குடுக்குறாரு. மிச்சத்தை இவரே சொல்லட்டும்."

கூட வந்திருந்த நவீன்குமார் கழுத்தில் அடையாள அட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மேடம், இப்போ ஒவ்வொரு பெட்டிக்கும் பார்கோடு. வந்தா ஸ்கேன், போனா ஸ்கேன். இந்த ஊர் மெக்கானிக்குங்க பார்ட்ஸை வாங்கிட்டுப் போய் வண்டியில மாட்டிப் பாத்துட்டு, சேரலன்னா திருப்பிக் குடுப்பாங்க. அதுக்குன்னே 'பார்வைக்கு'ன்னு ஒரு பட்டன் வெச்சேன். அந்த பட்டன்லதான் கோளாறு. கடைசி ரேக்குல ஒரு பழைய மொபெட்டோட கிளட்ச் பெட்டிங்க இருக்கு. அது ஒரு வெள்ளிக்கிழமை குருவிநத்தம் பக்கிரி மெக்கானிக்குக்குப் பார்வைக்குப் போகுது, அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வருது. மறுபடி போகுது. நேத்து நேர்ல போய்ப் பாத்தேன். பக்கிரி கடையை மூடிட்டுத் திருப்பூர் போய் ஒரு வருஷம் ஆச்சாம்."

"யார் ஐடியில பதிவாகுது?"

"தங்கவேல். குடோன் பொறுப்பாளர். பழைய பெட்டி பேர்ல விலை கூடின பார்ட்ஸை வெளிய அனுப்புறாருன்னுதான் நான் நினைக்கிறேன். நாளைக்குக் கம்பெனி ஆடிட்டர் வராரு. அதுக்குள்ள அவரை வேலையை விட்டு அனுப்பி, போலீஸ்லயும் எழுதிக் குடுக்கணும்."

"தங்கவேல் இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான்மா" என்றார் ஹபீப். "எங்கிட்ட வேலைக்கு வந்தப்போ அவனுக்கு மீசைகூட முளைக்கல. திருடிருப்பான்னு என் வாய் சொல்லாது." மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "திரும்பி வந்தா வரட்டும். யாரோ ஒருத்தன் அந்தச் சரக்கைக் கேட்டு வாங்கிப் பாத்திருக்கான் இல்ல? அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

குடோனுக்குக் கிளம்பும்போதே கலைவேந்தன் காதைக் கடித்தார். "அண்ணி, அந்த மொபெட்டை இப்போ எவன் ஓட்டுறான்? பழைய இரும்புக்காரன்கூட இனாமாக் குடுத்தா வண்டிக்கூலி கேப்பான். அதுக்குப் போய் இன்னா கிளட்ச்சு?"

"அதையே ஞாபகத்துல வெச்சிக்கோ" என்றார் அருள்மொழி.

குடோன் அரியூர் போகும் சாலையில் இருந்தது. முன்வாசலில் லாரி இறக்கும் மேடை, நடுவில் வரிசை வரிசையாக ரேக்குகள், பின்சுவரில் ஒரு சின்னக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஹபீப்பின் வீடு.

தங்கவேல் மேடையில் பேரிங்குகளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை கருப்பு. வந்தவர்களைப் பார்த்து எழுந்தவர் கையை வேட்டியில் துடைத்தார். வேட்டிதான் கெட்டது, கை மாறவில்லை.

"இன்னாபா தங்கவேலு, குருவிநத்தத்துல யாருக்கு கிளட்ச் மாட்டுற?" என்றார் கலைவேந்தன்.

"என் ஐடி, என் பாஸ்வேர்டு. நான்தான் பண்ணேன்னு எழுதிக்கோங்க. ஆள விடுங்க."

"எதுக்குப் பண்ண?"

"பொழுது போகல."

அருள்மொழி அவர்களை விட்டு உள்ளே போனார். ரேக்குகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் கருப்பு விரல் ரேகைகள். ஸ்டிக்கர்கள் சாய்ந்தும் தலைகீழாகவும் ஒட்டியிருந்தன. கடைசி ரேக் மட்டும் வேறு மாதிரி. நீலநிறப் பெட்டிகள் தூசி துடைக்கப்பட்டு, ஒரே பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் கிரீஸ் இல்லை. அருள்மொழி குனிந்து முகர்ந்தார். எண்ணெயும் ரப்பரும் மணக்கிற அந்தக் குடோனில், அந்த ஒரு மூலையில் மட்டும் லேசாகச் சாம்பிராணி வாசனை.

நீலப் பெட்டியை அவர் முன்பே பார்த்திருக்கிறார். கிருமாம்பாக்கத்தில், கவிழ்ந்து கிடந்த பைக்கின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பெட்டி நசுங்கவில்லை.

"தம்பி, வெள்ளிக்கிழமை எந்த நேரத்துல பதிவாகுது?"

"மதியம் மேடம். பாயும் மத்தவங்களும் ஜும்மா தொழுகைக்குப் போற நேரம். நான் அன்னிக்குப் பாண்டி ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பேன். தங்கவேல் மட்டும்தான் இங்க இருப்பாரு."

"அந்த நேரத்துல அவருக்கு இங்க இன்னா வேலை?"

"கடலூர் லாரி வரும். வாசல்ல நின்னு ஸ்கேன் பண்ணி இறக்குவாரு."

"மதியச் சாப்பாடு?"

"பாய் வீட்லேருந்து வரும்."

"சரி. ஒரு சரக்கு ரொம்ப நாள் அசையாம கிடந்தா உங்க சாப்ட்வேர் இன்னா பண்ணும்?"

நவீன்குமாரின் முகத்தில் தொழில் பெருமை வந்தது. "ஆறு மாசம் அசையலன்னா தானாவே கழிவுப் பட்டியலுக்குப் போயிடும் மேடம். பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிட்டுப் போவாரு. ரேக் காலியாகும்."

"பாய் இதையெல்லாம் பாக்குறாரா?"

"தினமும் காலைத் தொழுகை முடிஞ்சதும் போன்ல பாப்பாரு. வெளிய போற சரக்கு மட்டும் அவருக்கு வரும். திரும்பி வர்றதைக் காட்ட வேணாம், காலங்காத்தால மனசு கெட்டுப்போகுதுன்னு அவர்தான் கேட்டு வாங்கினாரு."

அருள்மொழி பின்கதவு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சாயங்காலம் குடோன் ஆபீஸ் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஹபீப் தம் நாற்காலியில், நவீன்குமார் லேப்டாப்போடு, தங்கவேல் கதவோரம் நின்றபடி. ஹபீப்பின் மனைவி ஜொஹரா பீவி தேநீர் கொண்டுவந்தார். அவர் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது அருள்மொழி சொன்னார்: "நீங்களும் உக்காருங்கம்மா."

ஜொஹரா பீவி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்" என்றார் அருள்மொழி. "தங்கவேல் எதையும் திருடல. அந்தப் பதிவுகளையும் அவர் பண்ணல."

"அவரே ஒத்துக்கிட்டாரே மேடம்."

"தம்பி, உங்க கம்ப்யூட்டர்லயே பாருங்க. பெட்டிங்க குருவிநத்தம் போனதா பதிவான அதே நேரத்துல, தங்கவேல் ஐடியில வாசல்ல லாரியும் இறங்கியிருக்கும். ஒரு ஆள் ரெண்டு இடத்துல எப்படி நிப்பாரு?"

நவீன்குமார் தட்டிப் பார்த்தான். கீழே இறக்கி, மேலே ஏற்றி, மறுபடி பார்த்தான். "ஆமா மேடம். ரெண்டு ஸ்கேனர், ஒரே ஐடி."

"அவர் கையைப் பாருங்க. அவர் தொட்ட ஒவ்வொரு பெட்டியும் அதைச் சொல்லுது. நீலப் பெட்டியைத் தொட்டது சுத்தமான கை. அப்புறம், கலை சொன்ன மாதிரி அந்தச் சரக்கை எவனும் சீந்த மாட்டான். திருடனுக்கு அது எதுக்கு? விலை கூடின பார்ட்ஸ் அந்தப் பேர்ல போச்சுன்னு சொன்னீங்க. குருவிநத்தத்துக்கு வேன் போனதா எங்கயாவது பதிவு இருக்கா?"

"இல்ல."

"பெட்டி ரேக்கை விட்டு நகரவே இல்ல. கம்ப்யூட்டர்ல மட்டும்தான் போயிட்டு வந்திருக்கு. அதனால யாருக்கு லாபம்? அசையாத சரக்கைத்தானே அள்ளிக் குடுப்பீங்க. இது அசைஞ்சிக்கிட்டே இருந்தா ரேக்கை யாரும் தொட முடியாது. அவ்வளவுதான் லாபம்."

"பழைய கிளட்ச்சை வெச்சிக்கிட்டு எவனுக்கு அண்ணி இன்னா ஆவப்போவுது?" என்றார் கலைவேந்தன்.

அருள்மொழி ஹபீப்பைப் பார்த்தார். "அதை வாங்கினது யாரு பாய்?"

ஹபீப் கடைசி ரேக் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "யாசின். மொத்தமா மலிவாக் கிடைச்சதுன்னு வாங்கிட்டு வந்தான். பாகூர் பக்கம் கரும்பு வெட்டுற ஆளுங்க இன்னும் அந்த வண்டிதான் வெச்சிருக்காங்க, 'ஓடும் அத்தா'ன்னு சொன்னான். நான் எல்லார் முன்னாடியும் வெச்சு, காசு குடுத்துக் குப்பை வாங்கின முதல் வியாபாரி என் புள்ளதான்னேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மறுநாள் வித்துக் காட்டுறேன்னு ஒரு பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போனான்."

அறையில் யாரும் தேநீரைத் தொடவில்லை.

"நீங்க ஐடி உள்ளவங்களை மட்டும் எண்ணினீங்க தம்பி" என்று அருள்மொழி நவீன்குமார் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை மதியம் தங்கவேலுக்குச் சோறு கொண்டுவர்றவங்களுக்கு ஐடி கிடையாது. அவங்க வெள்ளிக்கிழமைதோறும் வூட்ல சாம்பிராணி போட்டுட்டுப் பின்கதவு வழியா வருவாங்க. மிச்சத்தை நான் சொல்றது மரியாதை இல்ல."

"நான்தான்" என்றார் ஜொஹரா பீவி.

அவர் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். "அள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு தங்கவேல் சொன்னான். யாசின் கையால அடுக்கினது. அசைஞ்சா விட்டுடும்னு தங்கவேல் சொன்னான், எப்படின்னு நான்தான் கேட்டு, அவன் ஐடியிலயே போடக் கத்துக்கிட்டேன். எந்தக் கடை பேர் போடறதுன்னு தெரியல. யாசின் அடிக்கடி சொல்ற பேரு பக்கிரி. அதைப் போட்டேன்." முந்தானையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்புறம் நீங்க தினமும் போன்ல பாக்குறீங்கன்னு தெரிஞ்சுது. யாசின் சரக்கு ஓடுதுன்னு ஒருநாளாவது உங்க கண்ணுல பட்டா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை நல்லதா சொல்லுவீங்களான்னு பாத்தேன். நீங்க சொல்லல."

ஹபீப் தங்கவேலைப் பார்த்தார். "ஜெயிலுக்குப் போகவும் துணிஞ்சியே, ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அது ஓடாத சரக்காயிடுமே பாய்" என்றார் தங்கவேல். "நீங்க காலையில போனைப் பாக்கும்போது உங்க மூஞ்சி தெளியறதை நானுந்தான பாத்தேன்."

ஹபீப் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க எதிராளியின் முகத்தைப் படித்தே பிழைத்த மனிதர், வீட்டுக்குள்ளேயே ஒரு முகத்தைப் படிக்காமல் விட்டிருந்தார். பார்வைக்குப் போன சரக்குக்குப் பணம் வந்ததா என்று அவர் ஒருநாளும் தங்கவேலைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

"நான் சொல்லலன்னு யாரு சொன்னா?" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "உங்கிட்ட சொல்லல. ஜும்மா முடிஞ்சு நேரா வூட்டுக்கு வராம எங்க போறேன்னு நீ கேட்டதே இல்லையே. அவனை அடக்கம் பண்ணின மையவாடிக்குப் போறேன். அவன் தலைமாட்டுல உக்காந்து சொன்னேன். 'டேய், உன் சரக்கு ஓடுதுடா. குருவிநத்தம் போயிருக்கு. அத்தாதான் தப்பாப் பேசிட்டேன், நீ வியாபாரிடா' அப்படின்னேன். ஒருதரம் இல்ல, வாராவாரம் சொன்னேன்."

ஜொஹரா பீவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேத்து இந்தத் தம்பி வந்து பக்கிரியே இல்லன்னுட்டாரு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவங்கிட்ட போய் நான் இன்னா சொல்லட்டும்?"

அருள்மொழி கலைவேந்தனின் தோளைத் தொட்டுக் கதவைக் காட்டினார். இருவரும் எழுந்தார்கள். தங்கவேலும் ஓசைப்படாமல் நகர்ந்தார். நவீன்குமார் மட்டும் லேப்டாப்பை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

ஜொஹரா பீவி முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ வியாபாரிடான்னா சொன்னீங்க?"

"ஆமா."

"அவன் பேர் சொல்லிச் சொன்னீங்களா?"

"பேர் சொல்லித்தான் சொன்னேன்."

"அப்போ அவன் கேட்டுட்டான். நாளைக்குப் போய் அதை மாத்திச் சொல்லாதீங்க."

பிறகு அவர் நவீன்குமார் பக்கம் திரும்பினார். கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டிகளை உள்ளது உள்ளபடி போட்டுக்கொள்ளச் சொன்னார். பழைய இரும்புக்காரர் எப்போது வருவார் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றான் அவன். "வந்தா பின்கதவைத் தட்டச் சொல்லுப்பா, அந்தப் பெட்டிங்களை நானே எடுத்துக் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேநீர் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.