பின்மூலை ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் மாட்டித் தரும் வெங்கடாசலம் பகல் பதினொரு மணிக்குக் காரில் மூன்று ஆம்ப்ளிஃபயர்களோடு வந்து இறங்கினார். புதுச்சத்திரத்தில் எங்கள் புது வீட்டுக் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் ஒரு வாரமாக ஊமையாக நின்றிருந்தன. பேத்தி நித்யஸ்ரீக்கு நிச்சயம் பேச, நாலு மணிக்குச் சங்ககிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இந்தச் செங்கோட்டையன் வீட்டில் எதுவும் அரைகுறையாக இருந்ததில்லை. நான் இருக்கும்வரை இருக்கவும் விடமாட்டேன்.

“இருக்கறதுலயே பெருசா மாட்டுப்பா,” என்றேன்.

“பெருசு முக்கியமில்லீங்கய்யா. உங்க ஸ்பீக்கரு நாலு ஓம் ரகமுங்க, கரண்டு நெறைய இழுக்கும். அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயரப் போட்டா சூடேறி அணைஞ்சுக்கும். சின்னதுல இருந்து ஒவ்வொண்ணா பாத்துரலாமுங்க.”

முதலில் சிறியது. பாட்டு எதுவும் போடாமல், வெறுமனே ஒலியைக் கூட்டிவிட்டுக் காது கொடுத்தார். மற்றவை அமைதியாக இருந்தன. பின்கதவை ஒட்டிய மூலையில் இருந்தது மட்டும் இரைந்தது.

வயரை மாற்றினார். இரைச்சல் போகவில்லை. அந்த ஸ்பீக்கரை முன்னால் கொண்டுவந்து, முன்னால் இருந்ததைப் பின்மூலையில் வைத்தார்.

இப்போது அது இரைந்தது.

அந்த மூலைக்குக் கீழேதான் எங்கள் பழைய கிணறு. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

இரண்டாவது ஆம்ப்ளிஃபயர், நூறு வாட். இரைச்சல் தெளிந்து மூச்சானது. இழுத்து விடுகிற மூச்சு. நடுநடுவே தண்ணீர் சொட்டும் சத்தம். கூடத்தில் பாசி வாடை.

மூன்றாவதை மாட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வந்தேன். பயந்துவிட்டேன் என்று நினைப்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் ஒலியைக் கூட்டியதும் பின்மூலை ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“அண்ணா... உள்ள வரட்டுங்களா?”

வெங்கடாசலத்தின் கை அப்படியே நின்றது. “ஏனுங்கய்யா, பின்னாடி பொடக்காளில ஆராச்சும் நிக்கறாங்களா?”

“ஆருமில்ல.”

என் தங்கை செல்லாயி பள்ளிபாளையத்து மில்காரன் ஒருவனோடு போய் நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. அவள் செத்துவிட்டாள் என்று குடும்பமே கிணற்றடியில் தலைமுழுகியது. ஊர் மெச்சியது. மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்து, இதே வார்த்தையை வாசலில் நின்று கேட்டது ஊருக்குத் தெரியாது. தாழ்ப்பாளில் கை வைத்திருந்தவன் நான். திறக்கவில்லை. விடிந்தபோது கிணற்றில் மிதந்தாள். ஊற்று வற்றிவிட்டது என்று சொல்லி, அவளை எடுக்காமலே மண்ணடித்து மூடினோம். குடும்ப மானத்துக்காகச் செய்தது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இது சங்ககிரிக்காரர்கள் காதில் விழுந்தால் பேத்தியின் கல்யாணம் நின்றுபோகும்.

“சின்னதே போதும். மாட்டிட்டுக் கெளம்பு.”

“இந்தக் குட்டிய வெச்சா ஸ்பீக்கரு முனகுமுங்க, பாடாதுங்க.”

“முனகட்டும்.”

அவர் போனதும் பின்மூலை ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் உட்கார முடியவில்லை. நாலு மணிவரை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வந்தார்கள். நித்யஸ்ரீ பாட்டுப் போட்டாள். மாப்பிள்ளையின் தாயார் சென்னியம்மாள் ஸ்பீக்கர்களை எண்ணிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏனுங்க மாமா, இத்தன பொட்டி வெச்சும் கொசு கத்தறாப்பல கேக்குது?”

எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இன்று அவர்களோடு நானும் சிரித்தேன்.

பாட்டு முடிந்தது. பின்மூலையில் அதே மூச்சு.

“அண்ணா... உள்ள வரட்டுங்களா?”

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

வயர் அங்கேதான் இருந்தது.

சென்னியம்மாள் பின்கதவுப் பக்கம் திரும்பினாள். வாசலில் நிற்பவரை வாவென்று சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். நான் எழுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“அதுக்கென்ன கேள்வி? வா சாமி, உள்ள வா.”

மூச்சுச் சத்தம் நின்றது.

பாசி வாடை எழுந்தது.

“ஆருங்க மாமா இந்தப் புள்ள? தலையெல்லாம் நனஞ்சு சொட்டுது பாருங்க. கண்ணு, ஒரு துண்டு கொண்டா.”

நித்யஸ்ரீ துண்டு எடுத்து வந்தாள். எனக்கு அங்கே யாரும் தெரியவில்லை. அவள் பின்மூலையை நோக்கி அதை நீட்டி, பிடியை விட்டாள்.

துண்டு கீழே விழவில்லை.