ஈரம் காயாத சட்டை

முசப்பாவின் சட்டை காயவில்லை.

கல்ஃபான் அதை உச்சி வெயிலில்தான் கவனித்தான். சான்சிபாரில் கிராம்பு ஏற்றிக்கொண்டு ஓமானின் சூர் துறைமுகத்துக்குத் திரும்பிய அவர்களுடைய பாய்மரக் கப்பல், முந்தாநாள் விடியலில் பாறையில் மோதிப் பிளந்தது. மணலில் முகம் புதைந்து கிடந்த கல்ஃபான் கண்விழித்தபோது, பக்கத்தில் சக மாலுமி முசப்பா மட்டும் உட்கார்ந்திருந்தான். கரை ஒதுங்கிய ஒரு தோல்பைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அனல் காற்று சீவியெறியும் மணல் கண்ணை அறுக்க, வெடித்த உதட்டில் உப்பு எரிய, கிணறு தேடி இருவரும் பாலைக்குள் நடந்தார்கள். கல்ஃபானின் துணி உப்பேறி அட்டைபோல் விறைத்திருந்தது. முசப்பாவின் சட்டை நுனியில் நீர் சொட்டியது.

"கொஞ்சம் தண்ணி குடிடா," என்று கல்ஃபான் தோல்பையை நீட்டினான்.

"நீ குடி. நான் வயிறு முட்டக் குடிச்சிருக்கேன்."

கப்பலில் ஒரு குவளை நீருக்காகச் சமையல்காரனோடு மல்லுக்கு நின்றவன் அவன். கல்ஃபான் பேச்சை மாற்றினான்.

"ஊருக்குப் போனதும் உனக்குக் கல்யாணம்."

"அவ வேற எவனையாவது கட்டிக்கட்டும். பொழச்சுப் போறா."

வெயில் சாயும்போது காற்று நின்றது. மணலில் ஒருவன் காலடி மட்டும் கேட்டது. கல்ஃபானுடையது. பக்கத்திலிருந்து வேறு ஓசை வந்தது. குடத்துக்குள் நீர் அலம்புவதுபோல். ஊறிப்போன கிராம்பின் வாடை.

"முசப்பா, நீ எப்படிடா கரைக்கு வந்தே?"

"நான் எங்கடா வந்தேன்?"

கல்ஃபான் நின்றான். ஓடலாம். எங்கே? எந்தப் பக்கமும் மணல். ஒரு பறவை இல்லை. ஒரு முள்செடி இல்லை. அதற்குள் தனியாகப் போவதை நினைத்துப் பார்த்தான். முடியாது.

"சரி. பேசிக்கிட்டே வா," என்றான்.

அடுத்த மேட்டுக்கு அப்பால் புகை. ஆட்டுமயிர்க் கூடாரம். ஒட்டகங்கள். கூடார வாசலில் விழுந்த கல்ஃபானின் வாயில் ஒரு பெண் பாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். உயிர் திரும்பியது. அழுதான்.

அவள் பார்வை அவனுக்குப் பின்னால் போயிற்று. கிண்ணம் சாய்ந்தது.

"தம்பி, உன்கூட வந்தவங்க ஏன் அங்கேயே நிக்கிறாங்க?"

"ஒருத்தன்தானே வந்தான்."

அவள் மேட்டைக் கைகாட்டினாள். அவன் திரும்பினான்.

மேட்டின் உச்சியில் கப்பல் தலைவர் நின்றார். சமையல்காரன். முசப்பா. மாலுமிகள் எல்லோரும், தோளோடு தோள் ஒட்டி. நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.