டவாலி போட்ட சாமி

வர்ஷினி கடைக்குள் வந்தபோது துஷ்யந்தன் ஒரு போனைப் பிரித்து மேசையெல்லாம் பரப்பி வைத்திருந்தான். பாரிஸில், லா ஷப்பேல் பக்கத்து ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் போன் திருத்தும் கடை அவனுடையது. மூலை நாற்காலியில் கபிரியேல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். புதுச்சேரிக்காரர், முப்பது வருஷம் பிரெஞ்சுச் சுங்கத்தில் ஊரார் பெட்டிகளைக் குடைந்தே ஓய்வு பெற்றவர். தமிழர்கள் நிறைந்த அந்த வட்டாரத்தில் யாருக்கு எது காணாமல் போனாலும் அந்த நாற்காலியைத் தேடித்தான் வருவார்கள். துஷ்யந்தனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

“அங்கிள், நான் உங்க பொண்ணு லெத்திசியா கூட மியூசியத்துல வேலை பாக்குறேன். இங்க வந்தது அவளுக்குத் தெரியாது,” என்றவளுக்கு அதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

“முதல்ல இருங்கோ தங்கச்சி,” என்று துஷ்யந்தன் முக்காலியை இழுத்துப் போட்டான்.

விஷயம் இதுதான். அருங்காட்சியகக் கிடங்கில், நூறு வருஷத்துக்கு முன் புதுச்சேரியிலிருந்து வந்த களிமண் பொம்மைகள் இருக்கின்றன. கண்காட்சிக்காக அவற்றை ஆராய வந்தவள் வர்ஷினி. செவ்வாய்க்கிழமை காலை, அவற்றிலேயே பெரியது தரையில் நொறுங்கிக் கிடந்தது. பெட்டிச் சீட்டில் ‘காவல் தெய்வம்’ என்று எழுதியிருந்த பொம்மை. சிதறிய செம்மண் தூளில் ஒரு காலுறைத் தடம். கிடங்கில் இரும்பு முனை வைத்த காலணி இல்லாமல் நடக்கவே கூடாது. ஆனால் சாமிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வர்ஷினி காலணியைக் கழற்றிவிடுவாள். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

“வெள்ளிக்கிழமையோட என் கான்ட்ராக்ட் முடியுது அங்கிள். நீட்டிக்கலைன்னா இங்க தங்குற கார்டும் போயிடும். உடைச்சவள்னு பேரோட ஊருக்குப் போனா எந்த மியூசியம் என்னைச் சேர்க்கும்?”

“சாவி யார் யார்கிட்ட?” என்றார் கபிரியேல்.

“என்கிட்ட, லெத்திசியாகிட்ட, கிடங்குப் பொறுப்பாளர் நிக்கோலாகிட்ட. நிரந்தர வேலை ஒண்ணு வருது, அதுக்கு நானும் லெத்திசியாவும் அப்ளிகேஷன் போட்டிருக்கோம். ஆனா அவ அப்படியில்ல அங்கிள். மத்தியானம் சாப்பிடுறப்பல்லாம் எந்த சாமிக்கு என்ன பேருன்னு அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்குறேன்.”

கபிரியேல் அவளுடைய போனை வாங்கி, உடைந்து கிடந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். உடைவதற்கு முந்தைய படத்தையும் கேட்டார். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் தடி. மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதன் நடுவில் பித்தளை வில்லை. பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இது சாமியாம்மா?”

“இல்ல அங்கிள், டவாலி! கவர்னர் ஆபீஸ் பியூன். பத்து நாளைக்கு முன்னாடிதான் கண்டுபிடிச்சேன். ரிப்போர்ட் எழுதி நிக்கோலாகிட்ட கையெழுத்தும் வாங்கிட்டேன். பெட்டிச் சீட்டைத்தான் இன்னும் மாத்தலை.”

“லெத்திசியா அதைப் படிச்சாளா?”

“அவ ரெண்டு வாரம் லீவு. திங்கட்கிழமைதான் வந்தா.”

கபிரியேல் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. மறுநாள் வருவதாகச் சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

“என்னண்ணை, ஆளைப் பிடிச்சிட்டியளோ?” என்று துஷ்யந்தன் ஆசையாகக் கேட்டான். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கபிரியேல் பழைய தமிழ்ச் சீட்டுகளைப் படித்துக் கொடுக்க அடிக்கடி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் என்பதால், வியாழக்கிழமை காலை நிக்கோலா தயங்காமல் கிடங்கைத் திறந்துவிட்டார். வர்ஷினியும் லெத்திசியாவும் எதிரெதிரே நின்றார்கள். பிரெஞ்சில்தான் பேசினார் கபிரியேல்.

“தூளில் இருப்பது ஒரே ஒரு தடம். ஒற்றைக் காலுறையோடு ஒருவர் வந்து நின்றார். மற்ற கால் எங்கே? சாமிக்குக் காலணி கழற்றுகிறவர் இரண்டையும் கழற்றுவார். இவர் ஒன்றை மட்டும் கழற்றி, ஒருமுறை அழுத்திவிட்டு, திரும்பப் போட்டுக்கொண்டார். அந்தத் தடம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.”

“அதை வர்ஷினியின் தலையில் கட்டவா?” என்றார் நிக்கோலா.

“ஆமாம். ஆனால் பொம்மையைத் தேர்ந்தெடுத்ததில் தவறிவிட்டார். இது பியூன் என்று வர்ஷினிக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட உங்களுக்கும் தெரியும். பியூனுக்கு எந்தத் தமிழச்சி காலணி கழற்றுவாள்? தெரிந்தவர் இந்த நாடகத்துக்கு வேறு பெட்டியைத் திறந்திருப்பார். பெட்டிச் சீட்டை நம்பியவருக்குத்தான் இது தெய்வம். சாவி வைத்திருப்பவர்களில் அப்படி ஒருவர்தான்.”

கூடவே வந்திருந்த துஷ்யந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, இந்த மனிதர் நேற்றைக்கே கண்டுபிடித்துவிட்டாரே! அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை, விடுங்கோ. நாங்கள் போவம். உங்கடை பிள்ளையெல்லோ!”

கபிரியேல் கையை விடுவித்துக்கொண்டார்.

லெத்திசியா மறுக்கவில்லை. வர்ஷினியிடம், “தவறி விழுந்தது என்று சொல்லேன், கெஞ்சிக் கேட்கிறேன்,” என்றாள்.

“உனக்கு இந்த வேலை போனா வேற வேலை. எனக்கு நாளையோட எல்லாமே போயிருக்கும்,” என்று வர்ஷினி தமிழில் சொன்னாள். “அது தெரிஞ்சுதானேடி செஞ்ச?” லெத்திசியாவுக்குப் புரியவில்லை. வர்ஷினி மொழிபெயர்க்கவும் இல்லை.

லெத்திசியா தகப்பனிடம் திரும்பினாள். “வீட்டில் தமிழ் வேண்டாம், அந்தக் கோயில் தெரு வேண்டாம், நாம் பிரெஞ்சுக்காரர்கள் என்று வளர்த்தது நீதானே, பப்பா? ஒரு சாமியைக்கூட எனக்குக் காட்டாத நீ, இப்போது ஒரு பியூனை வைத்து என்னைப் பிடித்துவிட்டாய்.”

துஷ்யந்தனுக்கு இவர் துப்பறிவதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த நாளையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

நிக்கோலா வர்ஷினியிடம், கான்ட்ராக்டை அன்றே நீட்டிப்பதாகச் சொன்னார். பிறகு, தர்மசங்கடத்தோடு, சாட்சிப் படிவத்தைக் கபிரியேலிடம் நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுங்கத்தில் எழுதிய அதே நிதானத்தோடு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். குற்றம் செய்தவருக்குச் சாட்சி உறவா, உறவென்றால் என்ன உறவு என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதையாவது வெறுமையாக விட்டுவிடுவார் என்று துஷ்யந்தன் நினைத்தான்.

‘தகப்பன்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.