இருவருக்கு ஒரு பாட்டு

தாலி ஏறும் நேரத்தில் மண்டபமே ஒன்றாகக் கைதட்ட வேண்டும். கெட்டிமேளம் போய் இப்போது அதுதான் வழக்கம். அதற்குத்தான் எனக்குக் கூலி. பந்திக்குப் போகிறவர்களெல்லாம் இடித்துவிட்டுப் போகும் ஒரு மேசையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு திரை, அதில் ஒவ்வொரு விருந்தாளியும் ஒரு புள்ளி. முந்துகிற புள்ளியை இழுத்துப் பிடிப்பேன், பிந்துவதைத் தள்ளிவிடுவேன். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்தப் பிழைப்பு.

எல்லார் காதிலும் காதுமொட்டு இருக்கிறது. அவரவர் நாடித்துடிப்பையும் நினைப்பையும் பார்த்து, அந்தந்த நொடியே அவரவருக்கென்று அது இசை செய்து கொடுக்கும். தன்னிசை என்று பெயர். ஒருவர் கேட்பதை இன்னொருவருக்குக் கொடுத்தால், அடுத்தவர் பல் துலக்கியை வாயில் வைத்த மாதிரி முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆளுக்கொரு தாளத்தில் கைதட்டினால் கல்யாணம் கல்யாணமாகவா இருக்கும்? அதனால் எல்லாருடைய தன்னிசையின் வேகத்தையும் ஒன்றாக்க ஓர் ஆள் வேண்டும். அட்டையில் தாளமிணைப்பாளர் என்று போட்டிருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் தாளக்காரக்கா என்றால்தான் தெரியும்.

நான் படித்தது மின்னிசை. அலையை வெட்டி, வளைத்து, அடுக்கி, உலகத்தில் இல்லாத ஓசையை உண்டாக்கும் படிப்பு. சோறு தண்ணி மறந்து படித்தேன். ஊரே என் பாட்டை முணுமுணுக்கும் என்று நினைப்பு! படித்து முடித்து வெளியே வந்தால், கேட்பதற்கு ஊர் என்று ஒன்றே இல்லை. படித்ததில் வேகம் பிடிக்கிற பாடம் மட்டும் சோறு போடுகிறது. மற்றதெல்லாம் மண்டைக்குள் கிடந்து மக்குகிறது. அலுத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

மணப்பெண் மைவிழி போன மாதமே என்னைத் தேடி வந்திருந்தாள்.

"அக்கா, நீங்க பாட்டே செய்யப் படிச்சவங்களாமே?"

"படிச்சேன். அதுக்கென்ன இப்போ?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு வேணுங்க்கா. தாலி கட்டினதும் அவரு காதுலயும் என் காதுலயும் அதுதான் ஓடோணும். 'அந்தப் பாட்டு'ன்னு பின்னாடி நாங்க பேசிக்கோணும். எங்களுக்குன்னு பொதுவா ஒண்ணுமே இல்லீங்க்கா."

"மாப்பிள்ளைக்குச் சம்மதமா?"

"சரின்னுட்டாருங்க."

இருவரும் ஒரே மஞ்சள் கிடங்கில் வேலை பார்ப்பவர்கள். அங்கே ஓடும் பெரிய விசிறியின் சத்தத்தைப் பதிந்து வந்து, இழுத்து இழுத்து ஓர் அடிநாதமாக்கினேன். அதன்மேல் மற்றதைக் கட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முடிந்த அன்று அழுதேன். இரண்டே இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் போதும், நான் படித்தது வீணில்லை என்றாகிவிடும்.

தாலி ஏறியது. மண்டபம் ஒன்றாகக் கைதட்டியது. இரண்டு பேர் காதிலும் பாட்டை ஓடவிட்டு, என் காதிலும் வைத்துக்கொண்டேன். விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்ததுதான் தாமதம், மாப்பிள்ளை நிரஞ்சனின் புள்ளி நிறம் மாறியது. தன்னிசைக்குத் தாவிவிட்டான். "அடப்பாவி!" என்று வாய்விட்டே சொன்னேன். அவரவர் இசையில் இருந்தவர்களுக்கு எங்கே கேட்கப்போகிறது? அவன் மேடையில் நல்ல பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மைவிழி கண்ணை மூடியபடி கடைசி வரை கேட்டாள்.

பந்தி நடக்கும்போது என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரும் முழுசாக் கேட்டாருங்களா?"

கல்யாணத்தன்று ஒரு பொய் சொன்னால் குடி முழுகிவிடாது. "கேட்டாரும்மா" என்றேன்.

"நடுவுல ஒரு எடத்துல எல்லாமே அடங்கிப் போகுதுங்கல்ல? அப்ப அவரு கையப் புடிச்சிருந்தேன். அவரு விரலு மட்டும் நிக்காமத் தாளம் போட்டுட்டே இருந்துச்சுங்க்கா."

திரையில் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"சண்டை போடறதுக்குக் கேக்கலீங்க. நெசத்தச் சொல்லுங்க."

"ஆரம்பத்துலயே மாத்திட்டாரு, கண்ணு."

மை கலையாமல் முந்தானை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "அப்ப அதை முழுசாக் கேட்டது யாருங்க்கா?"

"நீயும் நானுந்தான்."

சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் பாட்டை ஒருத்தி என்னோடு சேர்ந்து முழுதாகக் கேட்டிருக்கிறாள். அவள் அழும்போது அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

ஆடுவதற்கு மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். எழுந்தவள் என் பக்கம் குனிந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாமுங்க்கா. இன்னைக்கு முடியற வரைக்குமாவது எங்க ரெண்டு பேரையும் ஒரே வேகத்துல வெச்சிருங்க. அது போதும்."

வைத்தேன். இருவரும் ஓரடி பிசகாமல் ஆடினார்கள். என்ன பொருத்தம், என்ன பொருத்தம் என்று மண்டபமே வாய்விட்டுச் சொன்னது.