ஏழாம் எண் சடலம்

முதல் வரிசை ஏறி வருவதற்குள் சடலங்கள் வேலைக்கு வந்துவிட வேண்டும். எவரெஸ்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, பாதையோரம் அவற்றுக்கு இடம் குறித்திருந்தது. சடலப்பொறிகள் மின்னேற்றம் முடித்து வரும். பழங்காலத்து வண்ணக் காலணிகளை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். மேலே பனி தூவப்படும். பனியும் இப்போது குழாய்வழிதான். அசல் பனியாறு உருகி இரண்டு தலைமுறை ஆகிறது.

இவை முன்பு மீட்புப்பொறிகளாக இருந்தன. மூச்சுத் திணறியவரைத் தோளில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் சாகவில்லை. கூட்டமும் குறைந்துபோயிற்று. ஆள் சாகாத மலையில் ஏறிவிட்டு யாரிடம் பெருமையடிப்பது?

மலை நிர்வாகம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தது. பழைய நாட்களில் உறைந்த உடல்களைத் தாண்டித்தான் உச்சிக்குப் போயிருக்கிறார்கள். அந்த உடல்களையே அடையாளமாக வைத்து வழி சொல்லியிருக்கிறார்கள். உடனே மீட்புப்பொறிகளைப் படுக்க வைத்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது. விழுந்தவரைக் காண்பவர் கீழே அழைத்துவர வேண்டும் என்று ஒரு விதியும் எழுதி வைத்தார்கள்.

அன்று கோயம்புத்தூர்க் குழு ஒன்று ஏறியது. தீரனும் அவன் மனைவி நிறைமதியும் ஏழாம் எண் சடலத்தருகே வந்தபோது அவளுடைய பிராணவாயுக் குழாய் உறைந்துவிட்டது.

"என்னங்க, முடியல. எறங்கிரலாங்க."

"இன்னும் கொஞ்சந்தான் மதி. வரிசைய விட்டா அடுத்த வருசந்தான். இங்கயே உக்காரு. உச்சியத் தொட்டுட்டு ஓடியாந்தர்றேன்."

போய்விட்டான். அவள் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள்.

வரிசை நகர்ந்தது. பின்னால் வந்த இளைஞர்கள் இருவர் அவளைப் பார்த்தார்கள்.

"அட, இங்க ஜோடியாப் போட்டிருக்கானுக!"

"புது மாடலாட்ட இருக்குது. மூச்சுக்கூட வுடுது பார்றா."

இருவரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வந்த பெண் குனிந்து பார்த்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள்: "ஏனுங்க, இது நெசமான பொம்பளைங்க."

"தெரியுது. பின்னால வர்றவங்க பாத்துக்குவாங்க. நீ நட."

ஏழாம் எண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது. அசையக் கூடாது என்பது புதிய கட்டளை. மீட்கச் சொல்லும் பழைய கட்டளையை அழிக்கச் சொல்லியிருந்தார்கள், அழித்தவன் அவசரக்காரன், பாதியில் விட்டிருந்தான். நிறைமதியின் மூச்சு சன்னமானதும் அது எழுந்து பனியை உதறியது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையை விலக்கியபடி இறங்கியது.

வரிசையில் நின்றவர்கள் அலறினார்கள். அவள் பிழைப்பாளா என்று அல்ல. பாதை அடைபடுகிறது என்று. சடலம் எழுந்து நடந்தால் மலைக்கு என்ன மரியாதை என்று மாலைக்குள் புகார்கள் குவிந்தன. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஏழாம் எண்ணின் மூளையைக் கழற்றிவிட்டு, வெறும் உடலை அதே இடத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

அடிவார முகாமில் நிறைமதி கண் விழித்தபோது தீரன் பக்கத்தில் இருந்தான். உச்சியில் எடுத்த படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாரு மதி, எப்படி வந்திருக்குதுன்னு. உனக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்."

அவள் படத்தைப் பார்க்கவில்லை.

"என்னயத் தூக்கியாந்தாரே, அந்த ஆளு எங்கீங்க?"

"ஆளா? அது மிசினு."

"அதானே பார்த்தேன்" என்றாள்.