ஜாபரின் அச்சம்

காலைப் பசியாறியதும் ஜாபர் வழக்கம்போலத் தலையைக் குனிந்து கொடுத்தான். அவனுடைய லாத்தா, மூத்த சகோதரி நிலோஃபர், மூளையலைகளைப் பதியும் தொப்பியை மாட்டிப் பட்டையை இறுக்கினாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். நாகூர்க் கடல் தெரிந்ததுமே அவன் விரல்கள் நாற்காலியை இறுகப் பற்றின.

அரைமணி நேரம் அவன் பயப்பட வேண்டும். அதுதான் அவன் வேலை.

முன்பொரு புயலில் படகு கவிழ்ந்து அவன் மட்டும் கரை சேர்ந்தான்; அன்றிலிருந்து கடலைக் கண்டாலே அவனுக்குப் பயம். அந்தக் காலத்து எச்சரிக்கை இயந்திரங்கள் கணக்கில் கெட்டி, ஆனால் ஆபத்தை முன்கூட்டியே உணரத் தெரியாதவை. மூளை ஆய்வாளரான நிலோஃபர், தம்பியின் மூளையில் அச்சம் பிறக்கும் வழியைப் படித்து, அதே நரம்புப் பின்னலை 'முன்னுணரி' என்ற இயந்திரத்துக்குள் கட்டினாள். அதன்பின் அந்தக் கரையில் புயலுக்கு ஒருவரும் பலியாகவில்லை. ஒரே ஒரு சிக்கல். உயிருள்ள பயத்தை நாள்தோறும் ஊட்டாவிட்டால் முன்னுணரி மந்தமாகிவிடும்.

"லாத்தா, பயத்தைப் போக்குற சிகிச்சை வந்துடுச்சாமே? செய்தியில சொன்னாங்க."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா."

"எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வருஷமாச்சு."

ஜாபர் கத்தவில்லை. "எம்புள்ள கடல்ல குளிக்கணும்னு அழுவுறப்பல்லாம் நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இத்தனை ஊரு சனம்டா தம்பி..."

"கேட்டிருந்தா நானே சரின்னு உக்காந்திருப்பேனே. நீ கேக்கக்கூட இல்லியே."

அவள் பட்டையைத் தளர்த்தித் தொப்பியைக் கழற்றினாள்.

அந்த மாதமே அவனுக்குச் சிகிச்சை முடிந்தது. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சிரித்தான். கரையில் நின்ற லாத்தாவை அவன் கூப்பிடவில்லை.

முன்னுணரி தடுமாறத் தொடங்கியது. மழைக்காலத்துக்குள் வேறொரு மூளை வேண்டும் என்றது கடலோரப் பாதுகாப்பு வாரியம். அதே புயலில் கணவனைப் பறிகொடுத்த ரெஜினாவின் வீட்டுக்கு நிலோஃபர் போனாள். கடல் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

இயந்திரத்தைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும் என்பது வாரியத்தின் உத்தரவு. நிலோஃபர் தொப்பியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"உங்க பயத்துக்குச் சிகிச்சை இருக்கும்மா. முன்னாலேயே வந்து சொல்லியிருக்கணும்."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "எப்ப வரட்டும்?" என்றாள்.

"நாளைக்கே வாங்க" என்றாள் நிலோஃபர். முன்னுணரிக்காக உட்கார முடியுமா என்று அவள் கேட்கவேயில்லை.