சார்ஜ் ரூமில் ஏற்றாத கற்பூரம்

"கொளுத்தாதே!"

குரலும் கையும் ஒன்றாக வந்தன. மலிகாவின் விரல்களிலிருந்த தீப்பெட்டி பறந்துபோய் வாசலுக்கு வெளியே மழைத் தண்ணீரில் விழுந்தது. இன்னொரு கையில் கற்பூரத் தட்டு ஆடியது.

யார் இவன்...?

நிமிர்ந்து பார்த்தாள். தொப்பலாக நனைந்த சட்டை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. அந்தக் கண்கள்... அப்பப்பா, எவ்வளவு பெரிய கண்கள்! ரசிக்கத்தான் முடியவில்லை. அவை நிறையப் பயம்.

"இன்னா சார் இது? பொம்பள கையைப் புடிச்சிகினு..."

சட்டென்று விட்டான். "மன்னிச்சிடும்மா. நான் அருள்நாதன், ராயபுரம். மாசா மாசம் சார்ஜர் செக் பண்ற வேலைக்குப் புதுசா போட்டுகிறாங்க. இந்த ரூம்ல நெருப்பு கூடாது."

திருவொற்றியூரில் அந்தத் தொழிற்சாலையில் சரக்கு இழுக்கும் வண்டிகள் எல்லாம் பேட்டரியில் ஓடுபவை. அவற்றுக்கு இரவெல்லாம் மின்சாரம் ஏற்றும் அறை இது. பொறுப்பு, மலிகாவின் அப்பா வேலப்பனுடையது. ஆயுத பூஜை வந்தால் போதும், புளியந்தோப்பிலிருந்து மகளைக் கூட்டி வந்து, சார்ஜர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அவள் கையால் கற்பூரம் ஏற்ற வைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டிலும் அப்படித்தான் வந்திருந்தார்கள்.

வேலப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பூஜைக்கு வந்த கூட்டாளிகள் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே!

"கழுத்துல சிலுவைய மாட்டிகினு வந்து நம்ம பூஜைய நிறுத்தறியா? வருஷா வருஷம் இங்கதான் கொளுத்தறோம். இன்னா ஆயிடுச்சு?"

"அப்போ ஜன்னல் தொறந்து இருந்திருக்கும்ணே. இன்னிக்கு மழைன்னு மூடிட்டீங்க. மாலை சிக்கிக்கும்னு பேனையும் நிறுத்திட்டீங்க. ராவெல்லாம் சார்ஜ் ஏறச்சொல்ல பேட்டரிலேர்ந்து கிளம்பின வாயு, வெளிய போவாம கூரைக்குக் கீழ நிக்குது. ஒரு பொறி போதும், வெடிச்சிடும்..."

மலிகா அண்ணாந்து பார்த்தாள். சாமந்தி மாலை சூடிக்கொண்டு மின்விசிறி அசையாமல் இருந்தது.

"கதை வுடாத!" வேலப்பன் மடியிலிருந்து இன்னொரு தீப்பெட்டியை எடுத்தார்.

கூட்டாளிகள் ஒவ்வொருவராக வாசலை நோக்கி நழுவினார்கள். அருள்நாதன் நழுவவில்லை. அவன் முழங்கால் நடுங்குவது பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. ஆனாலும் பேட்டரி வரிசைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். கேலி செய்ய வந்தவனா இப்படி நடுங்குவான்? திமிர் பிடித்தவனா இப்படி நிற்பான்? அவன் சொல்வது உண்மை என்று மலிகாவுக்கு அந்த நொடியிலேயே புரிந்துபோயிற்று.

அப்பாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"வோணாம் நைனா."

"எவனோ சொல்றான்னு என்னிய எதிர்க்கிறியா?"

"எனக்கு பயமா கீது நைனா..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

நாலு பேர் முன்னால் இறங்கிப்போவது வேலப்பனுக்குச் சாவதற்குச் சமம். ஆனால் மகள் அழுதால்...? தீப்பெட்டியை மடியில் செருகினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், விசிறியின் சுவிட்சை நோக்கி நடந்தார்.

"ஐயோ, அத்தத் தொடாதீங்க! அதுலயும் பொறி வரும்!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. வேலப்பனின் முகமும் இப்போது வெளுத்தது. போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். சாரல் உள்ளே அடித்தது.

அறையில் காற்றோடி முடியும் வரை எல்லோரும் எதிரே தகரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். தட்டைத் தாவணித் தலைப்பால் மூடிக்கொண்டு மலிகா அவன் பக்கத்தில்... எதேச்சையாகத்தான்... நின்றாள்.

"அவ்ளோ பயந்தீங்களே... ஓடியிருக்கலாம் இல்ல?"

"ஓடத்தான் பாத்தேன். கால் வாசல் பக்கம் திரும்பிடுச்சு. நீங்க உள்ள நின்னுகினு இருந்தீங்க..."

"நான் யாருன்னே தெரியாதே உங்களுக்கு!"

"தெரியாதுதான்." அவன் காது மடல் சிவந்தது. "ஆனா உங்கள வுட்டுட்டு போவ மனசு வர்ல. இன்னும் நடுக்கம் நிக்கல பாருங்க... இது வாயுவுக்காக இல்ல."

மலிகா தலையைக் குனிந்துகொண்டாள். கொட்டகையின் அந்தக் கோடியில் அப்பா இவர்களையே முறைத்தபடி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கும்தான் பயமா கீது," என்றாள் மெல்ல.

"இன்னும் இன்னா பயம்?"

"அடுத்த மாசம் செக் பண்ண வேற ஆள அனுப்பச் சொல்லிடுவாரோ நைனான்னு..." குரல் மழையில் பாதி கரைந்தது. "யாரு இன்னா சொன்னாலும் நீங்கதான் வரணும். அன்னிக்கு நைனாவுக்குச் சோறு எடுத்துகினு... நானும் வருவேன்."